தலைகீழா நின்ன சிங்கம்

ஒரு ஊர்ல ஒரு ஏகாம்பரம் இருந்தான். முதல்ல வம்புக்கு வந்தவன் அவன்தான், அதான் அவன் பேரை முதல்ல சொல்றேன். மறந்துடாதே. ம்?

ம்.

அதே ஊர்ல பஞ்சு மிட்டாய் விக்கிற மாசிலாமணி. கிணிங் கிணிங்னு மணி அடிச்சுக்கிட்டு தெருத்தெருவா போவான். அவன் பொண்டாட்டி அஞ்சலையோட அண்ணன்தான் அந்த ஏகாம்பரம். பேப்பரைத் தெருவுக்கே கேக்கற மாதிரி படிப்பான்.

ஒரு நாள் மாசிலாமணி பொண்ணு குயிலி, பால்வாடியில குடுத்த படப் புத்தகத்தோட ஓடி வந்தா.

"படிச்சுக் காட்டுப்பா!"

அவனுக்கு எழுத்து தெரியாது. மடியில உக்கார வைக்கவும் முடியாது. வேட்டியெல்லாம் சக்கரை, எறும்பு நறுக் நறுக்னு கடிக்கும். அதனால அவ எதிர்ல உக்காந்து, தன் பக்கமாப் புத்தகத்தை விரிச்சா. அவன் பார்த்தா, சிங்கம் தலைகீழா நிக்குது!

"ஒரு சிங்கம் தலைகீழா நின்னுச்சாம். மூக்குல எறும்பு பூந்துருச்சாம். ஹ்ஹ்ஹச்!"

"நேராத்தானேப்பா நிக்குது?"

"அதுக்குள்ள எழுந்துருச்சா?"

குயிலி உருண்டு உருண்டு சிரிச்சா. அப்போ பின்னாடி ஏகாம்பரம்.

"ஏன் மாப்ளே, புத்தகத்தைத் தலைகீழா வச்சா படிக்கிற? இவ ஒரு வார்த்தை படிச்சுட்டா நான் நடுத்தெருவுல தலைகீழா நிக்கிறேன்! குயிலி, இனிமே புத்தகத்தை எங்க வீட்டுக்குக் கொண்டா."

தெருவே சிரிச்சுது. மாசிலாமணிக்கு மணி அடிக்கவே கை வரல. பொண்ணு அங்க போயிட்டா, சாயங்காலம் யாரு எதிர்ல உக்காருவா? ம்?

ம்.

ஆனா மறுநாளும் அவ அப்பன்கிட்டதான் வந்தா. அன்னிக்கு யானை தலைகீழாத் தொப்புனு விழுந்துச்சு. அதுக்கு அடுத்த நாள் கிணத்துத் தண்ணி சளசளன்னு வானத்துல கொட்டுச்சு. குயிலி எழுத்தைத் தொட்டு, "இது என்னப்பா?"ம்பா.

"அம்மாவைக் கேளு."

எழுத்து தெரிஞ்ச அஞ்சலை தோசைக் கரண்டியோட வந்து எட்டிப் பார்ப்பா. "அது யானைடி." தோசை கருகும். மூணு பேரும் கருகினதையே தின்னாங்க. இப்படியே நாள் ஓடுச்சு.

அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை ஏகாம்பரமே வந்தான். குயிலிக்கு எதிர்ல உக்காந்து, புத்தகத்தைத் தன் பக்கமா விரிச்சான். "ம்க்கும்! ஒரு காட்டில்..."

"மாமா, தலைகீழா வச்சிருக்கீங்க."

டப்புனு தன் பக்கம் திருப்பினா. பிசுபிசு விரலை எழுத்து மேல வச்சா.

"சி... ங்... க... ம்."

கிணிங் கிணிங் கிணிங்! மாசிலாமணி அடிச்ச அடியில தெருவே கூடிருச்சு.

"இத்தனை நாளும் புத்தகம் அவளுக்கு நேராத்தான் இருந்திருக்கு, மச்சான். இப்ப நீங்க தலைகீழா நில்லுங்க."

"இடுப்பு பிடிச்சிருக்கு மாப்ளே."

அடுத்த தடவை கேட்டா, வேட்டி கட்டியிருக்கேன்னான். அதுக்கடுத்த தடவை, இப்பத்தான் சாப்பிட்டேன்னான்.

குயிலி வளர்ந்து, அவளுக்கும் உன்ன மாதிரி ஒரு வாலு பொறந்தாச்சு. ஏகாம்பரம் இன்னும் நிக்கல.

நிக்கிற அன்னிக்கு நானே உன்னை எழுப்பறேன். கதை இதுவரைக்கும்தான், கண்ணை மூடு.