வாடைக்காற்று எண்ணி முடிக்காத ஊர்

அந்தக் காலத்தில் காற்றுக்கும் வாய் இருந்தது, வளைக்குள் கிடக்கும் பிராணிக்கும் வாய் இருந்தது. யாரோடு பேசினாலும் பதில் கிடைக்கும். அப்படிப்பட்ட நாட்களில் அமெரிக்காவின் நடுவிலே, மலையும் மரமும் இல்லாத பெரிய புல்வெளியில், நெல்ஸ்டன் என்று ஓர் ஊர் இருந்தது. முதலில் வந்து வீடு கட்டியவர் பெயர் நெல்ஸ். தன் பெயரையே ஊருக்கு வைத்துவிட்டார். வேண்டாம் என்று சொல்லப் பக்கத்தில் வேறு ஆள் இல்லை.

பிறகு ஆட்கள் வந்தார்கள். வந்தார்கள் என்றால் கூட்டமாக இல்லை. சின்னது பெரியது எல்லாம் சேர்த்து மொத்தமே இருபது பேர். அந்த இருபது பேரை வைத்துக்கொண்டு அவர்கள் ஊர் நடத்திய அழகைச் சொல்லத்தான் வேண்டும். ஹென்ரிக் ஊர்த்தலைவர், முடி வெட்டுகிறவரும் அவர்தான், ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் மணி அடிக்கிறவரும் அவர்தான். பிர்கிட்டா கடை வைத்திருந்தாள். பிரசவம் பார்ப்பதும் பல் பிடுங்குவதும் அவளே. அறுவடை முடிந்து ஆட்டம் வைத்தால் பாதிப் பேர் வாசிப்பார்கள், பாதிப் பேர் ஆடுவார்கள், பிறகு மாற்றிக்கொள்வார்கள். உட்கார்ந்து பார்ப்பதற்கென்று யாரும் மிஞ்சமாட்டார்கள். ஒருவர் காய்ச்சலில் படுத்தால் அவருடைய வயல் தானாக உழுது கிடக்கும். யார் உழுதது என்று கேட்டால் எல்லோரும் வானத்தைப் பார்ப்பார்கள்.

ஊர் வாசலில் ஒரு பலகை நின்றது. அதில் ஊர்ப் பெயர், கீழே ஊரில் எத்தனை பேர் என்ற எண். குழந்தை பிறந்தாலும், யாராவது கண்ணை மூடினாலும், அன்று பொழுது சாய்வதற்குள் பழைய எண்ணை அழித்துப் புது எண் எழுதிவிடுவார்கள். அது அவர்கள் வழக்கம்.

அந்தப் புல்வெளி முழுக்கத் தன் சொத்து என்று வடக்கிலிருந்து வரும் வாடைக்காற்றுக்கு ஒரு நினைப்பு. நெல்ஸ் வந்தபோதே, ஆள் சேர்க்கக் கொஞ்ச காலம் தவணை கொடுத்து, அது சொல்லிவிட்டது: "இருபது பேர் இருந்தா அது ஊர். ஒருத்தர் குறைஞ்சாலும் வெறும் கூடாரம். கூடாரத்தை நான் விட்டுவைக்கிறதில்லை." வருஷந்தோறும் முதல் பனி விழும் நாளில் வந்து பலகை அருகே எல்லோரையும் நிறுத்தி எண்ணும். இருபது தேறினால் முணுமுணுத்துக்கொண்டே போய்விடும்.

ஊரின் மேற்கு ஓரத்தில் வளையணில்கள் இருந்தன. அணில் இனம்தான், ஆனால் முயல்குட்டி அளவு இருக்கும், மண்ணைக் குடைந்து வளைக்குள் வாழும். அந்தக் காலத்தில் அவை நாலு காலையும் வயிற்றையும் மண்ணோடு ஒட்டிக்கொண்டு ஊர்ந்துதான் போகும். காற்றடித்தால் போதும், உள்ளே ஓடிவிடும்.

ஒருநாள் ஹென்ரிக்கின் பசு வளையில் கால் வைத்து நொண்டிக்கொண்டு வந்தது. ஹென்ரிக் நேராக வளைக்குப் போய்ச் சத்தம் போட்டார். "என் மாட்டோட காலை உடைக்கப் பாத்தியே, இது உனக்கே நல்லா இருக்கா?"

மூத்த வளையணில் தலையை நீட்டியது. "உங்க மாடுதான் என் வீட்டுக் கூரைமேல நடந்துச்சு."

ஹென்ரிக் தாடியைச் சொறிந்துகொண்டு யோசித்தார். "அதுவும் சரிதான்" என்றார். மறுநாளிலிருந்து மாடுகளைச் சுற்றுவழியில் ஓட்டிப் போனார்.

அந்தக் கோடையில் மேற்கே புல் பற்றிக்கொண்டது. தீ ஊருக்குள் வராமலிருக்க, ஊரைச் சுற்றிலும் அகலமாக உழுது வெறும் மண்ணாக்க வேண்டும். புகை கண்ணைக் கரித்தது. ஹென்ரிக் கலப்பையை வளைகளுக்கும் அப்பால் கொண்டுபோய் உழுதார். நேரமாகிறது, வளைகளை விட்டுவிட்டுக் குறுக்கே வாருங்கள் என்று மற்றவர்கள் கத்தினார்கள். அவர் திரும்பவில்லை.

"எங்களை எதுக்குச் சேத்து உழுறீங்க?" என்று கேட்டது மூத்த வளையணில்.

"ஊரைச் சுத்தி உழுறோம். நீங்க ஊருக்குள்ளதானே இருக்கீங்க?" என்றார் ஹென்ரிக். சொல்லிவிட்டு மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். தீ அந்த மண் கரை வரை வந்து அணைந்தது.

இலையுதிர் காலத்தில் பிர்கிட்டாவின் மகள் ஈவாவுக்கு ஆற்றுக்கு அக்கரையில் மாப்பிள்ளை அமைந்தது. வயதான தாய் தகப்பனை விட்டு மாப்பிள்ளையால் வர முடியாது. இவள்தான் போக வேண்டும். ஈவா அழுதாள். "நான் போனா ஒரு ஆள் குறையுமேம்மா. காத்து வந்து எண்ணுமே."

"ஊரைக் காப்பாத்த உன்னைக் கட்டிப்போட்டு வைக்கவா? அப்படிக் காப்பாத்தின ஊர்ல நான் எப்படிக் குடியிருப்பேன்?" என்றாள் பிர்கிட்டா. ஊரே சேர்ந்து வண்டியில் சாமான் ஏற்றி ஈவாவை அனுப்பி வைத்தது.

வண்டி கண்ணைவிட்டு மறைந்ததும் எல்லோரும் பலகை அருகே கூடினார்கள். "இருபதுன்னே இருக்கட்டும்" என்றார் ஒருவர். "வைக்கோலை அடைச்சு ஒரு ஆளை நிறுத்திடலாம், தொப்பி நான் தரேன்" என்றார் இன்னொருவர்.

ஹென்ரிக் தலையை ஆட்டினார். "இல்லாத ஆளை எப்படி எழுதுறது?"

பிர்கிட்டாவே தூரிகையை எடுத்து இருபதை அழித்துப் பத்தொன்பது என்று எழுதினாள். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் இந்தக் காரியத்தை உலகத்தில் வேறு எந்த ஊரும் செய்திருக்காது. எனக்கு இதை நினைத்தால் சிரிப்பும் வரும், அந்தக் கையைப் பிடித்துக் கும்பிடவும் தோன்றும்.

முதல் பனிக்கு முந்தின நாள் வாடைக்காற்று மூத்த வளையணிலிடம் வந்து குனிந்து பேசியது. "நாளைக்கு இந்த ஊர் இருக்காது. வயலெல்லாம் மறுபடியும் புல்லாயிடும். மாடு கிடையாது, கலப்பை கிடையாது. அத்தனையும் உன் பிள்ளைகளுக்குத்தான். நீ ஒண்ணும் செய்ய வேணாம். எப்பவும்போல உள்ளே படுத்திரு, அது போதும்."

வளையணில் வளைக்குள் போய்விட்டது.

மறுநாள் காலையில் பனி தூவியது. பத்தொன்பது பேரும் இருந்ததிலேயே நல்ல உடையைப் போட்டுக்கொண்டு பலகை அருகே வரிசையாக நின்றார்கள். ஒருவர்கூட ஓடிப்போகவில்லை. காற்று வந்தது, எண்ணியது, பலகையைப் படித்தது, விழுந்து விழுந்து சிரித்தது. "நீங்களே எழுதி வச்சிருக்கீங்களே! அப்ப இது கூடாரம்தான்." மூச்சை உள்ளே இழுத்தது. கடையின் கூரை கிறீச்சென்று கத்தியது. தேவாலய மணி தானாக அடித்தது. பிர்கிட்டா கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

அப்போது வளை வாசலில் ஒரு குரல் கேட்டது. "எண்ணி முடிக்கலையே, அதுக்குள்ள என்ன அவசரம்? நான் ஒருத்தன் இருக்கேன்."

காற்று திரும்பிப் பார்த்தது. "நீயா? மண்ணைக் கவ்விக்கிட்டுக் கிடக்கிறவன் ஊர்க்காரன் ஆகமுடியுமா? இவங்க எல்லாரும் என் முகத்துக்கு நேரா நிக்கிறாங்க பாரு."

வளையணில் அதுவரை முன்னங்கால்களை மண்ணிலிருந்து எடுத்ததே இல்லை. இப்போது எடுத்தது. பின்னங்கால் இரண்டில் எழுந்து, குளிருக்குக் கைகளை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு நின்றது. காற்று ஒரு ஊது ஊதியது. வளையணில் மல்லாக்க விழுந்தது. ஹென்ரிக் ஓடிவந்து மறைத்து நின்றார். "சாஞ்சுக்கிட்டு நின்னா எண்ண மாட்டேன்" என்றது காற்று.

"தள்ளுங்க ஐயா, நானே நிக்கிறேன்" என்றது வளையணில். பின்னங்கால்களை மண்ணில் ஊன்றி மறுபடியும் எழுந்தது. தலையைப் பின்னால் சாய்த்துத் தொண்டை கிழியக் கத்தியது: "இருக்கேன்! நானும் இந்த ஊர்தான்!"

காற்று அசந்துபோய் நின்றது. கொடுத்த வாக்கை மீற அதனாலும் முடியாது. "இருபது" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது.

சொல்லி வாய் மூடுவதற்குள் பக்கத்து வளையில் இன்னொன்று எழுந்து "இருக்கேன்!" என்றது. அதற்கடுத்த வளையில் வேறொன்று. பிறகு மேற்கு வெளி முழுக்க, கண் போகிற தூரம் வரை, சின்னச் சின்ன உருவங்கள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு எழுந்து நின்றன. காற்று எண்ணத் தொடங்கியது. இந்தப் பக்கம் எண்ணினால் அந்தப் பக்கம் ஒன்று உள்ளே போகும், வேறு இரண்டு எழும். கணக்குத் தப்பியது. மறுபடியும் முதலிலிருந்து எண்ணியது. மறுபடியும் தப்பியது. ஊரைத் தூக்கிப் போக வந்தது அதற்கு மறந்தே போனது.

பிர்கிட்டா பலகையின் முன்னால் தூரிகையோடு நின்றாள். "இப்ப என்னன்னு எழுத?" என்று கேட்டாள். ஹென்ரிக் அழுதுகொண்டே சிரித்தார்.

அன்று முதல்தான் அந்தப் புல்வெளியில் யார் கடந்து போனாலும் வளையணில்கள் இரண்டு காலில் எழுந்து, கைகளை நெஞ்சோடு சேர்த்து, தலையைப் பின்னால் சாய்த்துக் குரல் கொடுக்கின்றன. அவற்றின் வளைக்கூட்டத்தை அந்த நாட்டு மக்கள் இன்றைக்கும் ஊர் என்றே சொல்கிறார்கள். அங்கே காற்று ஒருநாளும் ஓய்வதில்லை. அது இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறது.