இரண்டாம் உலை

"எல்லாம் பச்சையாத்தான் காட்டுது அம்மிணி. அப்புறம் ஏன் எனக்கு ஒண்ணும் புரிய மாட்டேங்குது?"

கேட்டவர் மாசிலாமணி. கோவைப் பக்கம் பஸ் பிரேக்குக்கு ஸ்பிரிங் செய்யும் தொழிற்சாலையில் உற்பத்தி மேற்பார்வையாளர். எந்த ஸ்பிரிங் எந்த உலையில் எப்போது வெந்தது என்று பதியும் மென்பொருளுக்கு விதிகள் வகுத்தவரும் அவரே. அதில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை.

கேட்கப்பட்டவள் செண்பகவல்லி. உலைகளைப் பார்த்துக்கொள்பவள், அவரைவிடப் பதினெட்டு வயது இளையவள். குழப்பம் என்றால் அங்கே எல்லோரும் அவளிடம்தான் போவார்கள். நேரான பதில் கிடைத்ததாக யாரும் சொன்னதில்லை.

ஓடும் பஸ்ஸில் ஒரு ஸ்பிரிங் உடைந்து திரும்பி வந்திருந்தது. நல்லவேளை, யாருக்கும் அடி இல்லை. ஆனால் அதோடு ஒரே ஈட்டில் வெந்த நாற்பதும் இன்னும் எங்கெங்கோ பஸ்களில் ஓடிக்கொண்டிருந்தன.

எந்த நாற்பது என்று மாலைக்குள் பஸ் கம்பெனிக்குக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். மாற்றிச் சொன்னால் நல்லதைக் கழற்றிவிட்டுக் கெட்டதை ஓட விடுவார்கள்.

கணினியைக் கேட்டார். செவ்வாய், மணி பதினொன்று பத்து, இரண்டாம் உலை என்று டக்கென்று சொல்லிவிட்டது.

அங்கேதான் இடித்தது. அந்தச் செவ்வாய் முழுக்க இரண்டாம் உலை பழுதாகிக் கிடந்தது. சரிசெய்ய ஆள் கூப்பிட்டவரே அவர்தான்.

"பதிஞ்சது யாரு?"

"நாந்தானுங்க."

"அணைஞ்சு கெடந்த உலையில வெந்துச்சுன்னா பதிஞ்சே?"

"ஆமாங்க."

கோபம் வந்தது. அவள் பொய் சொல்கிறவள் இல்லை என்பதும் தெரியும், அதனால் அது முழுசாக வரவில்லை. ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்டார்.

செண்பகவல்லி மூன்றாம் உலையிலிருந்து ஒரு தட்டை இறக்கி அவர் முன்னால் வைத்தாள்.

"ரெண்டாவது இன்னிக்கும் அணைஞ்சுதான் கெடக்குதுங்க. இது மூணாவதுல வெந்தது. நீங்களே பதிஞ்சிருங்க."

தட்டின் அட்டையை ஸ்கேன் செய்தார். அட்டை அச்சாகும்போதே ஒதுக்கியிருந்தபடி, திரையில் இரண்டாம் உலை என்று வந்தது. மாற்றப் பார்த்தார், முடியவில்லை. யாரும் தப்பாகப் பதிந்துவிடக் கூடாது என்று அதைப் பூட்டி வைத்ததும் அவர்தான்.

கீழே ஒரே ஒரு பொத்தான். 'முடிந்தது.' அதை அழுத்தாமல் தட்டு அடுத்த மெஷினுக்குப் போகக் கூடாது. அதுவும் அவர் போட்ட விதி.

திரையை மேலும் கீழும் தேடினார். தட்டு தாமதம் என்று தலைக்கு மேல் சிவப்பு விளக்கு சுழல ஆரம்பித்தது. அடுத்த மெஷின்காரர் கையைக் கட்டிக்கொண்டு அவரையே பார்த்தார். இன்னும் இரண்டு பேர் திரும்பினார்கள். மாசிலாமணிக்கு வெட்கமாக இருந்தது.

அழுத்திவிட்டார்.

விளக்கு பச்சையானது. அப்பாடா என்றிருந்தது.

செண்பகவல்லி உடைந்த ஸ்பிரிங்கை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"அன்னிக்கு ஒண்ணாவதுலயும் மூணாவதுலயும் மாத்தி மாத்தி அறுநூறு வேக வெச்சேனுங்க. இது எதுல வெந்துச்சு, சொல்லுங்க."

மாசிலாமணி சட்டைப்பையிலிருந்த கடிதத்தைப் பிரித்தார். நாற்பது என்று இருந்ததை அடித்துவிட்டு, அன்று வெந்த அறுநூறையும் கழற்றிவிடுங்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.