ஊஞ்சல் சங்கிலி

ஜமீன் வீட்டுக் கல்யாண ஊஞ்சலுக்குக் கொல்லன் சடைச்சாமி இரும்பைக் காய்ச்சி, வளையம் வளையமாய் அடித்துச் சங்கிலி கொண்டுவந்தான். காரியஸ்தர் வைகுண்டம் பிள்ளை அதைக் காலால் தள்ளினார்.

“பட்டணத்திலிருந்து பூப்பூவாய் வார்த்த சங்கிலி ஒரே நாளில் வந்து, மாட்டியும் ஆகிவிட்டது. இனி அரண்மனையில் உனக்கு வேலையில்லை, கிளம்பு.”

“வார்ப்பிரும்பு அழகுதான் ஐயா. ஆனால் ஆடும்போது பட்டென்று முறியும்.”

“அதெல்லாம் தாங்குமடா!”

சடைச்சாமி ஜமீன்தாரம்மாளைக் கும்பிட்டான். “அப்படியானால் மணமக்கள் உட்காருமுன் ஐயாவே ஒரு ஆட்டம் ஆடிக் காட்டட்டும் தாயே.”

கல்யாண வீடே கூடிவிட்டது. பிள்ளை தொந்தியோடு உட்கார்ந்தார். ஊஞ்சல் அசையவில்லை.

“காலைத் தூக்கி ஆடுங்கள் பிள்ளை,” என்றாள் அம்மாள்.

இரண்டு கால்களும் தரையை விடுவதாயில்லை. முகமெல்லாம் வியர்வை.

அம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள். “சடைச்சாமி, நீ அடித்ததையே மாட்டு.”

ஓடிப்போய் ஏணியைப் பிடித்துக்கொண்டவர் பிள்ளைதான்.