செத்த குளமும் செவ்வாய்க் கிரகமும்

முன்னொரு காலத்தில் வடகரை நாட்டை நெடுமுடிமாறன் என்றொரு ராஜா ஆண்டான். எந்தக் காலம் என்று கேட்காதே. தூரக்கண்ணாடி புதிதாக வந்த காலம், போதுமா?

கடல் வியாபாரி ஒருவன் கொடுத்த அந்தக் குழாயை ராஜா கீழே வைப்பதே இல்லை. ஒரு நாள் சபையில் கேட்டான்.

"வானத்தில் நமக்குப் பக்கத்திலேயே எங்கோ உயிர் இருக்கிறது. முதலில் எங்கே தேடலாம்?"

ஆஸ்தானப் பண்டிதர் ஏகாம்பரம் உடனே எழுந்தார். தெரியாது என்று அவர் வாய் ஒரு நாளும் சொன்னதில்லை.

"வெள்ளிதான் பிரபு. எத்தனை வெளிச்சம் பார்த்தீர்களா? விளக்கு எரிந்தால் வீட்டில் ஆள் இருக்கிறது என்றுதானே அர்த்தம்? உயரமாக ஒரு கோபுரம் கட்டுங்கள். அவர்கள் தங்களைக் கும்பிடுவதையே பார்க்கலாம்."

ராஜாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "எங்கே கட்டலாம்?"

"நாரைக்குளத்தில். மூன்று வருஷமாக மழை இல்லை. புல் பூண்டு கிடையாது. செத்த குளம். மண்ணடித்து மூடிவிட்டுக் கட்டலாம்."

நாரைக்குளத்தை நம்பி ஐந்து ஊர் இருந்தது. மழை இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு வரும். குளமே இல்லையென்றால் வந்த மழையை எங்கே வைப்பது? ஊரைக் காலி செய்ய வேண்டியதுதான்.

செய்தி கேட்டு மறுநாளே அந்தக் குளத்து மடையைத் திறந்து மூடுகிற ஒச்சாயி அரண்மனை வாசலில் நின்றாள். காவலன் தடுத்தான். அவள் போட்ட சத்தத்தில் ராஜாவே உள்ளே கூப்பிட்டுவிட்டான்.

"ராஜா, குளத்தை மூடாதீங்க. அதுல உயிர் இருக்கு."

பண்டிதர் சிரித்தார். "காய்ந்த மண்ணில் உயிரா? வெயில் இவள் தலைக்கு ஏறிவிட்டது பிரபு."

"எனக்கா? வெள்ளி எப்பவும் சூரியன் பக்கத்துலயே சுத்துது சாமி. அடுப்பை ஒட்டி உட்கார்ந்த மாதிரி. அங்க போய் ஆள் இருக்குன்னு சொன்னது நீங்க."

ராஜா நிமிர்ந்தான். "நீ எங்கே தேடுவாய்?"

"செவ்வாய் உங்க குழாயில எப்படித் தெரியுது ராஜா?"

"சிவப்பாக. உச்சியில் வெள்ளையாக ஒரு திட்டு. சில மாதம் பெருகும், சில மாதம் சுருங்கும்."

"பெருகிச் சுருங்குறது தண்ணி பண்ற வேலை. இருபது வருஷமா மடையில நின்னு பார்த்துட்டேன். உறைஞ்சு கிடக்கோ என்னவோ. நான் அங்கதான் முதல்ல தேடுவேன். மேலே இல்ல, மண்ணுக்குள்ள."

"வறண்ட மண்ணில்!" பண்டிதர் துள்ளினார். "நாரைக்குளத்து மண்கட்டி ஒன்றில் உயிரைக் காட்டட்டும், என் பதவியை விட்டுவிடுகிறேன். காட்டாவிட்டால் குளத்தை மூட முதல் கூடை மண்ணை இவளே கொட்ட வேண்டும்."

"சரி. ஆனா என் கை படக் கூடாது" என்றாள் ஒச்சாயி. "கட்டியைச் சாமியே எடுக்கட்டும். தண்ணியைச் சாமியே காய்ச்சி ஆறவைக்கட்டும். ரெண்டையும் பானையில போட்டு, வாயைத் துணியால கட்டி ராஜா முத்திரை வைக்கட்டும். ஆறு நாள் கழிச்சுப் பார்ப்போம்."

எல்லோரும் குளத்துக்குப் போனார்கள்.

"சாமி, கரையோரமா எடுங்க. நடுவுல போகாதீங்க, கால் சுட்டுரும்."

பண்டிதர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். ஓஹோ, கரையோரம் ஏதோ ஒளித்து வைத்திருக்கிறாள்! விறுவிறுவென்று நடுக்குளத்துக்கு நடந்தார். வெடித்துப் பாளம் பாளமாகக் கிடந்த இடத்தில் கல் மாதிரி ஒரு கட்டியைப் பெயர்த்தார். ஒச்சாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தார் பண்டிதர்.

ஆறாம் நாள் ராஜா முத்திரையை உடைத்தான். பானைக்குள் எட்டிப் பார்த்தான்.

"அடேயப்பா! எள்ளளவு இருக்கிறது, எத்தனை கால்! அதுவும் மல்லாந்து நீந்துகிறது!"

"மாயம்!" என்று கத்தினார் பண்டிதர்.

"உம்முடைய கட்டி, உம்முடைய தண்ணீர், என்னுடைய முத்திரை. மாயம் செய்தது நீரா, நானா?"

"தண்ணி கடைசியா வத்துறது நடுக்குளத்துலதான் சாமி" என்றாள் ஒச்சாயி. "இந்தக் குளத்துப் பூச்சியெல்லாம் அங்க போய் முட்டை போட்டுட்டுத்தான் சாகும். எத்தனை வருஷம் காஞ்சு கிடந்தாலும் தண்ணி பட்டா பொரியும். கரையோரம் எடுத்திருந்தீங்கன்னா நான் தோத்திருப்பேன். நான் சொன்னா நீங்க கேக்க மாட்டீங்கன்னு தெரியும்."

சபை கொல்லென்று சிரித்தது. ராஜா ஆசையாகக் கேட்டான். "ஒச்சாயி, செவ்வாயில் இருப்பவை என்னைக் கும்பிடுமா?"

"பானையில இருக்கிறதே கும்பிடலையே ராஜா."

சபை ராஜா முகத்தைப் பார்த்தது. ராஜாவே சிரித்துவிட்டான், வயிறு குலுங்க.

பண்டிதர் விடவில்லை. "செவ்வாயில் ஒன்றுமே இல்லாவிட்டால்?"

"அடுத்த இடத்துல தேடுவோம். முதல்ல எங்க தேடலாம்னு ராஜா கேட்டாங்க, சொன்னேன். இருக்குன்னு நான் எப்போ சொன்னேன்?"

ராஜா தீர்ப்புச் சொன்னான். குளம் குளமாகவே இருக்கும். கோபுரம் வேண்டாம், அரண்மனை மாடியே போதும். வானம் பார்க்கிற சபைக்கு இனி ஒச்சாயிதான் தலைவி. ஏகாம்பரம் மழை வரும்வரை நாரைக்குளத்துக் கரையை உயர்த்தட்டும்.

மண்வெட்டியை எந்தப் பக்கம் பிடிப்பது என்று ஏகாம்பரத்துக்குத் தெரியவில்லை. அரை நாள் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, வாழ்நாளில் முதல் தடவையாக, "எனக்குத் தெரியாதம்மா" என்றார் ஒச்சாயியிடம்.