நாலாவது வர்க்கி

"இல்ல மாஸ்டர், தப்பு என் பக்கம் இல்ல. லேப் நாய் வாங்குனா சாதுவா இருக்கும்னு ஊரே சொல்லுச்சு. இதுவா சாது?"

தையக்கடை காசிலிங்கம் கேட்டது பயிற்சி மைதானத்துல இருந்த எல்லா நாய்க்கும் கேட்டுச்சு.

அவரு காலடியில பூந்தி படுத்திருந்துச்சு. மஞ்சக் கலர் லேப்ரடார், ரெண்டு வயசு.

அந்தோணிராஜ் மாஸ்டர் போலீஸ் நாய்ங்களப் பழக்கி ரிட்டயர் ஆனவரு. டீக்குன்னு வச்சிருந்த பொட்டலத்துலருந்து மொறுமொறுன்னு ஒரு வர்க்கி எடுத்து நீட்டுனாரு.

காசிலிங்கம் வாங்கித் தின்னாரு. சத்தம் நின்னுச்சு.

"என்ன பண்ணுது?"

"கேட்டுல யாரு நின்னாலும் குரைக்குது. பால்காரரு, கொரியர்காரரு, என் மச்சான். மச்சானப் பாத்துக் குரைக்கட்டும், வேணாங்கல. மாடியில இருக்குற வீட்டு ஓனரையும் பாத்துக் குரைக்குது! ஞாயித்துக்கிழமைக்குள்ள அடங்கலன்னா நாயக் குடுத்துடு, இல்ல வீட்டக் காலி பண்ணுங்கறாரு!"

இன்னொரு வர்க்கி.

தின்னாரு.

"குரைச்சா நீங்க என்ன பண்ணுவீங்க?"

"என்ன பண்றது, பிஸ்கட் போடுவேன். உடனே வாய மூடிக்கும். தின்னு முடிச்சதும் மறுபடி ஆரம்பிக்கும். நன்றி கெட்டது! சட்டப்பை நிறைய பிஸ்கட்டோட அலையறேன் மாஸ்டர், நான் என்ன மனுசனா, பெட்டிக்கடையா?"

மூணாவது வர்க்கி.

அதுக்கப்புறம் மாஸ்டர் பொட்டலத்தத் தொடல. டீயக் குடிச்சாரு. தூரத்துல ஒரு அல்சேஷன் ஓடுறதப் பாத்தாரு.

காசிலிங்கம் மூணாவதையும் தின்னு முடிச்சாரு. பொட்டலத்தப் பாத்தாரு. பூந்தியும் பொட்டலத்தத்தான் பாத்துச்சு.

"நான் இங்க தொண்ட கிழியக் கத்துறேன், நீங்க டீ குடிக்கிறீங்க! இந்த ஜாதி நாயே மோசம் மாஸ்டர்! பழக்கவே முடியாது!"

மாஸ்டர் டம்ளரக் கீழ வச்சாரு. காசிலிங்கத்தோட வலது கையப் பாத்தாரு.

காசிலிங்கமும் பாத்தாரு.

கை நீட்டியிருந்துச்சு. எப்ப நீட்டுனாருன்னு அவருக்கே தெரியல.

"கத்துனா வர்க்கி வரும்னு பழக அல்சேஷனுக்கே ஒரு வாரம் ஆவும்"ன்னாரு மாஸ்டர்.

காசிலிங்கம் கைய மெதுவா மடக்குனாரு.

"என்னங்க!" மைதானத்துக் கேட்டுலருந்து காசிலிங்கத்தோட சம்சாரம் கூப்புட்டாங்க. "ஓனர் போன் மேல போன் பண்றாரு, வாங்க!"

பூந்தி எந்திரிச்சுக் குரைச்சுது.

காசிலிங்கம் கை சட்டப்பைக்குப் போச்சு. பாதி வழியில நின்னுச்சு.

"காது கேக்கலையா? வாங்கங்கறேன்!"

அவரு அசையல. பூந்தி குரைச்சுது. பையப் பாத்துக் குரைச்சுது. அவரு மூஞ்சியப் பாத்துக் குரைச்சுது. கடைசியில அலுத்துப்போயி உக்காந்து, வாய மூடுச்சு.

அப்பறந்தான் கை பைக்குள்ள போச்சு.

"வந்துட்டேன்"னுட்டு நடந்தாரு.