சமையலறை வளையம்

ஆறுக்குட்டிக்கு வயது ஐம்பத்து நான்கு. அவருடைய குரு பூங்கொடிக்கு முப்பத்தைந்து. இதில் சிரிக்க ஒன்றுமில்லை. வேலை பார்த்த பஞ்சாலையை இழுத்து மூடிவிட்டால் மனிதன் யாரிடமாவது போய்த் தொழில் கற்றுக்கொள்ளத்தானே வேண்டும்? வயரிங் வேலையில் பொள்ளாச்சி வட்டாரத்தில் பூங்கொடியை மிஞ்ச ஆளில்லை. அவர் அவளை "அம்மிணி" என்பார், அவள் அவரை "அண்ணா" என்பாள். இதில் யார் குரு என்று வெளியாள் கண்டுபிடிப்பது கஷ்டம்.

அன்று இருவரும் நாச்சிமுத்து ஐயா வீட்டுக்குப் போயிருந்தார்கள், மின் அளவுக் கருவியைக் கழற்றி எடுக்க. ஐயா இறந்து பத்து நாள் ஆகியிருந்தது. மகள் சுகந்தி டொராண்டோவிலிருந்து வந்திருந்தாள்.

கருவியை மாட்டச் சொன்னதே அவள்தான். ஸ்விட்ச் பெட்டிக்குள் ஒவ்வொரு லைனின் வயரையும் சுற்றி ஒரு சின்ன வளையம். எந்த லைனில் எவ்வளவு கரண்ட் ஓடுகிறது என்று அங்கே அவளுடைய போனில் தெரியும். தனியாக இருக்கும் அப்பா வேளாவேளைக்குச் சமைக்கிறாரா என்று பார்க்க, கரண்ட் அடுப்பும் வாங்கிக் கொடுத்திருந்தாள்.

மாட்டிய நாளிலிருந்து ஐயா இறக்கும்வரை, மூன்று வாரமும் சமையலறை லைன் பூஜ்யம்தான் காட்டியது.

"சமைச்சேன், சாப்பிட்டேன்னு தினமும் சொன்னார்," என்றாள் சுகந்தி. "பொய் சொல்லாதீங்கப்பான்னு கத்திட்டேன். அதுக்கப்புறம் போனையே எடுக்கல. பட்டினி கிடந்தே போயிட்டார்."

சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. அவள் கூடத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

ஆறுக்குட்டி மெயினை அணைத்துவிட்டுப் பெட்டியைத் திறந்தார். சமையலறை வளையத்துக்குள் சிவப்பு வயரும் கறுப்பு வயரும் சேர்ந்து கிடந்தன. அவர் கையால் மாட்டியதுதான். போகிற கரண்டும் திரும்பி வருகிற கரண்டும் ஒரே வளையத்துக்குள் இருந்தால் ஒன்றை ஒன்று கழித்துவிடும். நாள் முழுக்க அடுப்பு எரிந்தாலும் கருவி பூஜ்யம்தான் காட்டும்.

அவர் பூங்கொடியைக் கூப்பிட்டார்.

"அம்மிணி, ஒத்த வயர் போட வேண்டிய எடத்துல ரெண்டையும் போட்டுட்டனுங்க."

பூங்கொடி எட்டிப் பார்த்தாள்.

"கழட்டத்தானுங்களே வந்தோம்? கழட்டிட்டா யாருக்கும் தெரியாதுங்க. சொன்னா அந்தப் புள்ள தாங்குமுங்களா? பெத்தவரைப் போய்ப் பொய் சொல்றீங்கன்னு சொல்லிப்போட்டமேன்னு..."

"சொல்லாட்டி?"

"பட்டினியில செத்தாருன்னே நெனச்சுட்டு இருக்கும்." ஆறுக்குட்டி குரலைத் தாழ்த்தினார். "ரெண்டுல எது வலி கம்மிங்க, அம்மிணி?"

பூங்கொடி வளையத்தைத் திறந்து, கறுப்பு வயரை வெளியே எடுத்து, சிவப்பை மட்டும் விட்டு மூடினாள். மெயினைப் போட்டாள். சமையலறைக்குப் போய் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் பிடித்து அடுப்பில் வைத்தாள்.

ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. கையில் போனோடு சுகந்தி ஓடிவந்தாள்.

"யாரு... யாரு அடுப்படில?"

பூங்கொடியைப் பார்த்தாள். அடுப்பைப் பார்த்தாள். மறுபடியும் போனைப் பார்த்தாள். சமையலறை லைனில் ஆயிரத்து எண்ணூறு வாட்.

பூங்கொடி ஆறுக்குட்டியைப் பார்த்தாள். அவர் சொன்னார்.

"ஐயா பொய் சொல்லலீங்க. நான்தான் தப்பா மாட்டிப்போட்டேன். அவரு சமைச்சாலும் இது பூஜ்யம்தான் காட்டியிருக்கும்."

"அப்போ அப்பா சாப்பிட்டாரா?"

"சாப்பிட்டேன்னு அவரு சொன்னாருங்களே."

சுகந்தி கத்துவாள், அடிக்கக்கூட வருவாள் என்று அவர் எதிர்பார்த்தார். அடித்திருந்தால் தேவலை. அவள் அடுப்பருகில் தரையில் அப்படியே உட்கார்ந்தாள். "நான் நம்பலையேப்பா," என்றாள். தண்ணீர் கொதித்துப் பொங்கியபோதும் அவள் எழுந்திருக்கவில்லை. பூங்கொடிதான் அடுப்பை அணைத்தாள்.

"போயிருங்க," என்றாள் சுகந்தி, யாரையும் பார்க்காமல்.

கருவியைக் கழற்றாமலே வெளியே வந்தார்கள். வண்டி அருகில் வந்ததும் ஆறுக்குட்டியால் அழுகையை அடக்க முடியவில்லை. பூங்கொடி அவர் அழுது முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"மாட்டின அன்னிக்கு அடுப்பைப் போட்டுப் பாக்கலீங்களா, அண்ணா?"

"இல்லீங்க அம்மிணி." அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஐயா சொன்னாருங்க, 'இருங்க, அடுப்பைப் போட்டு ஒரு டீ வெக்கிறேன், பேசிட்டு இருந்துட்டுப் போலாம்'னு. இன்னொரு வீடு இருக்குது, நேரமாச்சுன்னு கெளம்பிட்டனுங்க."

பூங்கொடி வண்டிச் சாவியை எடுத்தாள்.

"இனிமே எந்த வீட்ல டீ குடுத்தாலும் குடிச்சிட்டு வாங்க, அண்ணா."