தேவையில்லை என்று எழுதிய வரி

பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால், ஒரு மாடியறையில், ஜைத்தூன் கம்ப்யூட்டர் பழுது பார்த்துவந்தார். வேலையும் கற்றுக்கொடுத்தார். அவருக்கு வயது முப்பத்து மூன்று. அவரிடம் வேலை பழகிய தளவாய்க்கு ஐம்பத்தெட்டு. மிலிட்டரியில் முப்பது வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்துவிட்டு வந்தவர். வயசைப் பார்க்காமல் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். டீச்சர் அவரை அண்ணாச்சி என்பார்.

தளவாய் சுத்தமான வேலைக்காரர். ஒரே ஒரு குறை, வாய் மூடாது. ஸ்க்ரூவைக் கழற்றும்போதும் பேச்சு, மாட்டும்போதும் பேச்சு.

அன்று மத்தியானம் அவர் முன்னால் ஒரு லேப்டாப் இருந்தது. அதன் பழைய ஹார்ட் டிஸ்க் சாகக் கிடந்தது. அதில் உள்ளதை எஸ்.எஸ்.டி. என்கிற புது டிஸ்க்குக்கு மாற்றி, உள்ளே பொருத்தி, சுவிட்சை அழுத்தினார். கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி வந்தது. தொடங்குவதற்கு எதுவும் கிடைக்கவில்லை என்று சொன்னது.

லேப்டாப்பின் சொந்தக்காரர் சங்கரபாகம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மார்க்கெட்டில் இருபத்தைந்து வருஷம் வாழைத்தார் ஏலம் கூவியவர். அவர் கூவினால் பஸ் ஸ்டாண்டில் நிற்பவன் திரும்பிப் பார்ப்பான். போன வருஷம் தொண்டையில் புற்றுநோய் வந்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். எடுப்பதற்கு முன்னால் பத்து நாள் உட்கார்ந்து, பேசிப் பேசி, இந்த லேப்டாப்பில் பதிந்து வைத்திருந்தார். டைப் அடித்தால் அது அவர் குரலிலேயே பேசும். வேறு கம்ப்யூட்டரில் பேசாது. அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினால் இதிலும் பேசாது.

மறுநாள் காலை அவர் மகளுக்கு நிச்சயதார்த்தம். பெண்ணைக் கொடுக்கச் சம்மதம் என்று பெற்றவர் சபையில் சொல்ல வேண்டும். அவர் அண்ணன் சொல்லட்டுமே என்று வீட்டில் எல்லோரும் சொல்லிப் பார்த்தார்கள். ஆள் மசியவில்லை. 'என் குரல்லதான் சொல்லுவேன்' என்று சட்டைப்பை நோட்டில் எழுதிக் காட்டிவிட்டார்.

"டீச்சர், எல்லாம் இருக்கு," என்றார் தளவாய். "வேற மிஷின்ல மாட்டிப் பாத்துட்டேன். போட்டோ, பாட்டு, அந்தக் குரல் சமாச்சாரம், எல்லாம் அப்படியே இருக்கு. பெறகு ஏன் எழும்ப மாட்டேங்கு?"

ஜைத்தூன் வேறொரு போர்டில் சாலிடர் வைத்துக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"பழசை மாட்டிப் பாத்தீங்களா?"

"பாத்தேன். டக்கு டக்குன்னு நாலு தட்டு தட்டிச்சு. அவ்வளவுதான், போய்ச் சேந்துட்டு."

சங்கரபாகத்தின் கை, ஆபரேஷன் செய்த இடத்தை மூடியிருந்த கழுத்துத் துணிக்குப் போயிற்று. தளவாய் அதைப் பார்க்கவில்லை.

"புது டிஸ்க்கே சரியில்ல டீச்சர். இப்பல்லாம் என்னத்தச் செய்யுதானுவ! இல்லேன்னா போர்டு போயிருக்கும். இவரு தெருவுல கரண்டு வந்து வந்து போகும், எனக்குத் தெரியும். பேசாம எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா ஏத்திருவமா? அரைமணி நேர வேலை."

சங்கரபாகம் எழுந்துவிட்டார். இரண்டு கையையும் ஆட்டினார். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை.

ஜைத்தூன் சாலிடரிங் அயர்னைக் கீழே வைத்தார்.

"அண்ணாச்சி, மணி என்ன?"

"மூணு."

"நாலு மணி வரைக்கும் நீங்க பேசக் கூடாது."

"பேசாம எப்படி டீச்சர் வேலை..."

"அவரு எப்படி இருக்காரோ, அப்படி இருந்து பாருங்க."

தளவாய்க்கு முகம் சுண்டிப்போயிற்று. முப்பது வருஷ சர்வீசில் எந்த ஆபீசரும் அவரை வாயை மூடு என்று சொன்னதில்லை. இருந்தாலும் மூடிக்கொண்டார்.

பத்து நிமிஷம் நாக்கு அரித்தது. சின்ன ஸ்க்ரூ டிரைவரைக் காணோம். அதைக் கேட்க வாய் வரைக்கும் வார்த்தை வந்துவிட்டது. முழுங்கிவிட்டு, விரலைத் திருகிக் காட்டினார். ஜைத்தூன் நிமிரவில்லை. பெஞ்சிலிருந்தவர் எழுந்து வந்து, மேஜைக்கு அடியில் கிடந்ததை எடுத்துக் கொடுத்தார். ஒரு வருஷமாக விரலைக் காட்டியே பிழைக்கிறவருக்கு இது புரியாதா?

தளவாய் அப்போதுதான் அவர் முகத்தை ஒழுங்காகப் பார்த்தார். காலையிலிருந்து இங்கேதான் இருக்கிறார். சாப்பிடக்கூடப் போகவில்லை. தான் ஒரு வாய் தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை என்பது தளவாய்க்கு உறைத்தது.

எஸ்.எஸ்.டி.யைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். அதே வரிதான் வந்தது. டீச்சரிடம் ஒன்று கேட்டாக வேண்டும். எழுதிக் கேட்கலாமென்று தன் நோட்டை எடுத்தார்.

தளவாய்க்கு ஒரு ஸ்டோர் கீப்பர் பழக்கம் உண்டு. எதை எங்கே அனுப்பினாலும் முதலில் பட்டியல் போட்டுவிட்டுத்தான் ஏற்றுவார். பெயர்ச்சீட்டு ஒட்டாத பெட்டி அவர் லாரியில் ஏறாது. பழைய டிஸ்க்கில் என்னென்ன பகுதி இருக்கிறது என்று காலையிலும் பட்டியல் போட்டிருந்தார். காலிப் பக்கம் தேடிப் புரட்டியபோது அந்தப் பக்கம் வந்தது.

முதல் வரி: 'ரொம்பச் சின்னது. பெயர் இல்லை. தேவையில்லை.'

இரண்டாவது வரி: 'பெரியது. எல்லாம் இதில். ஏற்றியாச்சு.'

தளவாய்க்கு இப்போது புரிந்தது. கம்ப்யூட்டர் கண் விழித்ததும், எங்கிருந்து தொடங்கட்டும் என்று முதலில் போய்க் கேட்கிற இடம் அந்தச் சின்னதுதான். அதற்குப் பெயர் வைப்பதில்லை. யாரும் திறந்து பார்ப்பதுமில்லை. டீச்சர் முதல் வாரமே இதைச் சொல்லிக்கொடுத்தார். அப்போதும் தளவாய்தான் பேசிக்கொண்டிருந்தார்.

நோட்டை டீச்சரிடம் நீட்டினார். ஜைத்தூன் பார்த்தார், ஆனால் வாங்கவில்லை. மோவாயால் பெஞ்சைக் காட்டினார்.

நாலு எட்டு தூரம்தான். தளவாய் நோட்டை ஒரு தடவை மூடித் திறந்தார். போய் நின்று, முதல் வரியைத் தொட்டுக் காட்டினார். பிறகு அதன் கீழே எழுதினார். 'டிஸ்க் நல்ல டிஸ்க். உங்க கரண்டு மேலயும் குத்தம் இல்ல. என் தப்பு.'

சங்கரபாகம் அதை இரண்டு தடவை படித்தார். பேனாவை வாங்கினார்.

'எழும்புமா?'

தளவாய் டீச்சரைப் பார்த்தார். ஜைத்தூன் ஒரு பென்டிரைவை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"இதை வச்சு மிஷினை எழுப்பி, விட்டதைத் திரும்ப உண்டாக்கிரலாம். புதுசுல கடைசியில கொஞ்சம் இடம் காலியாக் கிடக்கு. நீங்களே செய்யுங்க அண்ணாச்சி."

தளவாய் செய்தார். ஒவ்வொரு கட்டளையையும் முதலில் நோட்டில் எழுதி, டீச்சரிடம் காட்டி, பிறகுதான் டைப் அடித்தார். இரண்டு தடவை அழித்து அடிக்க வேண்டியிருந்தது. முடிந்ததும் பென்டிரைவை உருவிவிட்டு சுவிட்சை அழுத்தினார்.

திரை கறுப்பாகவே நின்றது. சங்கரபாகம் கண்ணை மூடிக்கொண்டார்.

பிறகு வெளிச்சம் வந்தது.

தளவாய் அவர் தோளைத் தொட்டார். சங்கரபாகம் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்து, இரண்டு விரலால் டைப் அடித்தார்.

"தேவையில்லைன்னு எழுதிட்டீரே வே!"

அச்சு அசல் ஏலக்குரல். ஜன்னலுக்கு நேர் கீழே யாரோ, "ஏ, சங்கரபாகம் அண்ணாச்சி சத்தம்லா அது!" என்றார்கள். தளவாய் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார். கிடைத்தது ஏச்சுதான். ஆனாலும் அதைக் கேட்கக் கேட்க அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

சங்கரபாகம் மறுபடி டைப் அடித்தார். இந்தத் தடவை நேரம் எடுத்தது.

"என் மகள் பிரம்மசக்தியை உங்க வீட்டுக்குக் கொடுக்க எனக்குப் பூரண சம்மதம்."

அவர் அதையே இன்னொரு தடவை போட்டுக் கேட்டார். பிறகு லேப்டாப்பைத் துண்டில் சுற்றி, மாரோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார்.

மணி நாலு தாண்டியிருந்தது. தளவாய் இன்னும் பேசவில்லை. மேஜையைத் துடைத்து, ஸ்க்ரூ டிரைவர்களை அதனதன் இடத்தில் வைத்தார். கடைசியில்தான் வாயைத் திறந்தார்.

"டீச்சர், ஒண்ணு கேக்கேன். அம்மாம் பெரிய டிஸ்க்குல எல்லாம் இருந்துச்சு. நான் விட்டது ஒரு துளி. அதுக்குப் பேருகூடக் கிடையாது. அது ஒண்ணு இல்லேன்னா மத்தது அத்தனையும் ஏன் செத்த மாதிரி கிடக்கு?"

ஜைத்தூன் ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தார். கூட்டத்துக்குள் சங்கரபாகம் போய்க்கொண்டிருந்தார்.

"அவருக்குக் கை இருக்கு, கால் இருக்கு. வீடு இருக்கு, கட்டிக்கொடுக்க மக இருக்கா. எல்லாம் இருக்கு அண்ணாச்சி. பெறகு எதுக்குக் காலையில இருந்து பட்டினியா நம்ம பெஞ்சுல உக்காந்திருந்தாரு?"